வளரும் கால்களுக்கு ஓய்வும் பயிற்சியே

கொடைக்கானல் வட்டாரப் பள்ளிகளில் பாரதியார் தின, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கிய சில வாரங்களில், புறநோயாளிகள் பிரிவுக்கு ஏறத்தாழ ஒரே வகையான சிறார்கள் வரத் தொடங்குவார்கள். குதிகாலைத் தரையில் ஊன்ற முடியாத பத்து வயதுச் சிறுவன். முழங்காலுக்குக் கீழே வீக்கத்துடன் வரும் கபடி வீரன். சென்ற ஆண்டு முதலாவதாக ஓடி வந்து, இவ்வாண்டு பாதித் தூரத்திலேயே மூச்சிரைத்து நின்றுவிடும் மாணவி. உடன் வரும் பெற்றோர் கேட்கும் கேள்விகள் இரண்டு. சிலர், "விளையாட்டை அடியோடு நிறுத்திவிடலாமா, டாக்டர்?" என்பார்கள். வேறு சிலர், "போட்டி முடியும் வரை வலி தெரியாமல் இருக்க ஊசி போட முடியுமா?" என்பார்கள்.

இரண்டும் வேண்டாம் என்பதே மருத்துவம் தரும் விடை. விளையாட்டு குழந்தையின் உடலையும் மனத்தையும் வளர்க்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த வளர்ச்சி மைதானத்தில் மட்டும் நிகழ்வதில்லை. பயிற்சி உடலுக்குச் சுமையைத் தருகிறது. உணவும் உறக்கமும் ஓய்வும் அந்தச் சுமையை வலிமையாக மாற்றுகின்றன. முதற்பாதியைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். இரண்டாம் பாதியைக் காக்கும் பொறுப்பு பெரும்பாலும் வீட்டாருடையது.

எவ்வளவு விளையாட வேண்டும்?

5 முதல் 17 வயது வரையுள்ள சிறார்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு அறிவுறுத்துகிறது. வாரத்தில் மூன்று நாட்களாவது எலும்பையும் தசையையும் வலுப்படுத்தும் ஓட்டம், தாவல், ஏறுதல் போன்றவை அதில் இடம்பெற வேண்டும். வாழ்நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் எலும்பின் அடர்த்தியில் பெரும்பகுதி பதின்பருவத்திலேயே சேமிக்கப்படுகிறது. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் மேடு பள்ளங்களில் நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளை இந்தச் சேமிப்பின் ஒரு பகுதியை அறியாமலேயே செய்துவிடுகிறது.

ஒழுங்குமுறைப் பயிற்சிக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. குழந்தையின் வயது எத்தனையோ, வாரத்தில் அத்தனை மணி நேரத்துக்கு மேல் பயிற்சி வேண்டாம். பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு வாரம் 12 மணி நேரமே உச்ச அளவு. வாரத்தில் ஒன்றிரண்டு நாட்கள் முழு ஓய்வும், ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் தன் முதன்மை விளையாட்டிலிருந்து விடுப்பும் தேவை. அந்த மாதங்களில் வேறு எதையும் விளையாடலாம். ஏரியைச் சுற்றி மிதிவண்டி ஓட்டலாம்.

வளரும் எலும்பின் வலி

குழந்தையின் உடலைப் பெரியவர் உடலின் சிறிய வடிவமாகக் கருதக் கூடாது. வளரும் எலும்பின் நுனிகளில் வளர்ச்சித் தட்டு எனப்படும் மென்மையான குருத்தெலும்பு உள்ளது. பெரியவருக்குத் தசைநார் பிசகும் அதே அடியில், சிறுவருக்கு இந்தத் தட்டு பாதிக்கப்படலாம். உயரம் விரைவாகக் கூடும் காலத்தில் எலும்பு முந்திக்கொள்ள, தசை பின்தங்கி இறுகி நிற்கும். அப்போது ஓட்டமும் தாவலும் அளவு மீறினால், தசைநார் எலும்பில் ஒட்டும் இடத்தை அது இழுத்துப் புண்ணாக்கும். எட்டு முதல் பதினான்கு வயது வரை குதிகாலிலும், சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழேயும் வரும் வலிக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இந்த வலி அச்சப்படத் தக்கதன்று. ஓட்டத்தைக் குறைத்து, தசைகளை நீட்டும் பயிற்சி செய்து, ஒத்தடம் கொடுத்து வந்தால், வளர்ச்சி முடியும்போது தானே விலகிவிடும். ஆனால் வலியை ஊசியால் மறைத்து ஓடவிடுவது, புகை வருகிறதென்று எச்சரிக்கை மணியைக் கழற்றி வைப்பது போன்றது. நொண்டி நடக்கும் பிள்ளை விளையாடக் கூடாது என்ற ஒரே விதியைப் பின்பற்றினாலே பாதிச் சிக்கல் தீரும்.

மலை தரும் நன்மை, மலை மறைக்கும் நோய்

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் நான்கில் மூன்று பங்கைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் 2,240 மீட்டர் உயரமுள்ள மெக்சிகோ நகரில் நடந்தபோது நீண்ட தூர ஓட்டங்களில் பலர் திணறினர். கென்யாவின் மேட்டு நிலத்தில் வளர்ந்த கிப் கெய்னோ 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதன் பிறகே உயரமான இடங்களில் பயிற்சி பெறும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது.

மலையில் வாழ்பவரின் உடல், குறையும் ஆக்சிஜனை ஈடுசெய்ய ஹீமோகுளோபினைச் சற்று அதிகமாக உற்பத்தி செய்கிறது. இது நன்மையே. ஆனால் இதனுள் ஒரு கண்ணியும் உண்டு. மதுரையில் 12 கிராம் ஹீமோகுளோபின் உள்ள மாணவியை இரத்தசோகை இல்லாதவர் எனலாம். கொடைக்கானலில் வாழும் மாணவிக்கு அந்த எல்லை ஏறத்தாழ ஒரு கிராம் உயர வேண்டும். அதே 12 கிராம் இங்கே குறைபாட்டைக் காட்டக்கூடும். ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் எல்லை பெரும்பாலும் சமவெளிக்கு உரியது. ஆகவே பரிசோதனை செய்யும்போது, மலையில் வசிப்பவர் என்பதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. ஆகவே, முன்பு நன்றாக ஓடி இப்போது மூச்சிரைத்து நிற்கும் மாணவியைச் "சோம்பேறி" என்று ஏசுவதற்கு முன் அவள் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் உட்கொள்ளச் செய்யுங்கள். அதைத் தேநீர், காபியுடன் சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சேராது. கீரை, பயறு, முட்டை, ஈரல் ஆகியவற்றுடன் கொய்யாவோ நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். விலை உயர்ந்த புரதப் பொடிகள் வளரும் பிள்ளைக்குத் தேவையில்லை. அவற்றுள் சிலவற்றில் தடைசெய்யப்பட்ட மருந்துகள் கலந்திருக்கும் அபாயமும் உண்டு.

உண்பது குறைந்து உழைப்பு மிகும்போது பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும். "விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்" என்று இதைப் புறந்தள்ளுவோர் பலர். அது தவறு. மூன்று மாதங்கள் தொடர்ந்து மாதவிலக்கு வராவிட்டால், உடல் எலும்பிலிருந்து கடன் வாங்கத் தொடங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும்.

சமவெளிக்கு இறங்கும்போது

மலைப்பிள்ளைகள் மாவட்டப் போட்டிகளுக்குத் திண்டுக்கல்லுக்கும் அதற்கு அப்பாலும் இறங்குகிறார்கள். சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வெப்பம் பத்து, பதினைந்து பாகை உயர்ந்துவிடுகிறது. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகும். அத்தனை நாட்கள் முன்னதாகச் செல்வது எல்லார்க்கும் இயலாது. இயன்றால் முதல் நாளே சென்று தங்குங்கள். காலைப் போட்டிகளில் பெயர் கொடுக்க இயலுமா என உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள். தாகம் எடுக்கும் முன்பே நீர், மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் கொடுங்கள். தலைசுற்றல், வாந்தி, உளறல் தென்பட்டால் உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, உடலெங்கும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை குளிரூட்டுவதை நிறுத்த வேண்டாம்.

மலையேறிப் பயிற்சிக்கு வரும் சமவெளிப் பிள்ளைகளுக்கு இதன் மறுபக்கம் பொருந்தும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தலைவலியும் விரைவில் களைப்பும் இயல்பு; பயிற்சியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். குளிர்ந்த, வறண்ட காற்று ஆஸ்துமாவைத் தூண்டும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளை, மருத்துவர் சொன்ன இன்ஹேலரை விளையாட்டுக்குப் பதினைந்து நிமிடம் முன்பு பயன்படுத்திவிட்டு அச்சமின்றி ஓடலாம்.

மனத்துக்கும் ஓய்வு உண்டு

தோல்வியைத் தாங்கவும், முறைக்காகக் காத்திருக்கவும், எதிரணியை மதிக்கவும் விளையாட்டு கற்றுத்தருகிறது. விளையாடும் பிள்ளைக்கு உறக்கம் சீராகிறது; பதற்றம் தணிகிறது. எனினும், வென்றால்தான் வீட்டில் மதிப்பு என்று பிள்ளை உணரத் தொடங்கினால், இதே விளையாட்டு மனத்துக்குச் சுமையாகிவிடும்.

டோக்கியோவில் 2021இல் நடந்த ஒலிம்பிக்கில், உலகின் தலைசிறந்த ஜிம்னாஸ்டிக் வீராங்கனையான சிமோன் பைல்ஸ் தம் மனநிலை சரியில்லை என்று கூறி அணிப் போட்டியின் நடுவே விலகினார். அதைக் கோழைத்தனம் என்று பழித்தோரும் உண்டு. ஓய்வெடுத்துத் திரும்பிய அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்றார். மனம் களைத்தபோது நின்றது அவரது ஆட்டத்தை முடித்துவிடவில்லை.

போட்டி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையிடம் "என்ன இடம்?" என்று முதலில் கேட்காதீர்கள். "இன்று எது பிடித்திருந்தது?" என்று கேளுங்கள். திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பிரித்து மேய வேண்டாம், பசியாறட்டும், உறங்கட்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், பதின்பருவத்தில் 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் வேண்டும். அதிகாலைப் பயிற்சிக்காக இரவு உறக்கத்தை வெட்டினால் காயங்கள் கூடும். முன்பு விரும்பிய விளையாட்டுக்குச் செல்ல மறுப்பது, காரணமற்ற எரிச்சல், வயிற்றுவலிச் சாக்கு, உறக்கமின்மை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் பேசுங்கள். பயிற்சியிடத்தில் யாரேனும் அவமதித்தார்களா, தகாத முறையில் நடந்தார்களா என்றும் மென்மையாகக் கேளுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

ஒரு பாட்டி காட்டிய வழி

மலைக்குக் கீழே, மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்த ரேவதி வீரமணியின் கதை பலர் அறிந்ததே. சிறுவயதிலேயே தாய் தந்தையை இழந்த அவரையும் தங்கையையும் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி ஆரம்மாள். பெண்பிள்ளைகளை வேலைக்கு அனுப்பச் சொல்லி அக்கம்பக்கத்தார் வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வெறுங்காலுடன் ஓடிய ரேவதியைப் பயிற்சியாளர் கண்ணன் கண்டார். முதலில் தயங்கிய பாட்டியிடம் பேசி இசைய வைத்தார். மதுரை லேடி டோக் கல்லூரியில் இடமும் விடுதியும் கிடைக்க உதவினார். 2021இல், தம் 23ஆம் வயதில், டோக்கியோ ஒலிம்பிக்கின் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தில் ரேவதி இந்தியாவுக்காக ஓடினார்.

பெற்றோர் இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரேவதி முறையான பயிற்சிக்கு வந்தது பள்ளியின் கடைசி ஆண்டில். எட்டு வயதிலேயே ஒரே விளையாட்டில் தள்ளாவிட்டால் காலம் கடந்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் பொருந்தாது. 15, 16 வயது வரை பலவற்றையும் விளையாடுவதே நல்லது. இரண்டாவது, பாட்டி ஓட்ட நுணுக்கம் ஒன்றும் கற்றுத்தரவில்லை. உணவு, படிப்பு, பாதுகாப்பு, ஊர்ப்பேச்சிலிருந்து காப்பு ஆகியவற்றைத் தந்தார். ஒரு வீட்டால் தர இயல்வதும், வேறு யாராலும் தர இயலாததும் அவையே.

உடனே மருத்துவரிடம் வர வேண்டியவை

ஓடும்போது மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மார்புப் படபடப்பு. குடும்பத்தில் இளவயதில் யாரேனும் திடீரென இறந்திருத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயப் பரிசோதனை முடியும் வரை விளையாட வேண்டாம்.

தலையில் அடிபட்டபின் குழப்பம், வாந்தி, தலைவலி. நினைவு தெளிந்துவிட்டாலும் அன்று மீண்டும் களத்தில் இறங்கக் கூடாது.

இரவில் உறக்கத்தைக் கலைக்கும் எலும்புவலி, வீங்கிய மூட்டு, இரண்டு வாரங்களில் குறையாத வலி.

வரும்போது பிள்ளையின் வாரப் பயிற்சி நேரம், உறங்கும் நேரம், பெண்பிள்ளையாயின் மாதவிலக்குத் தேதிகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வாருங்கள். நோயின் காரணம் பல வேளைகளில் அந்தத் தாளிலேயே இருக்கும். மருந்துச் சீட்டு எழுதும் முன், பிள்ளை எப்போது மீண்டும் ஓடலாம் என்பதை உங்களுடனும் பிள்ளையுடனும் சேர்ந்தே முடிவு செய்வோம்.