வராத சீட்டை நம்பலாமா?

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அப்பாவுக்கு விடுமுறை. ஆவடியிலிருந்து மாமா வந்திருக்கிறார். மின்சாரம் நின்றுவிட்டது. பாட்டி பாயை விரித்து, சீட்டுக்கட்டையும் ஒரு கிண்ணம் புளியங்கொட்டையையும் எடுத்து வைக்கிறார். இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

"சீட்டாட்டமா? அது பணத்தைத் தொலைக்கும் வழியாயிற்றே!" என்கிறீர்களா? காசு வைக்காமல் ஆடினால், பணத்தைக் காக்கும் வழியையும் அதே சீட்டு கற்றுத்தரும்.

தமிழகத்திலும் இலங்கையிலும் ஆடப்படும் 'முன்னூற்று நாலு' ஆட்டத்தைப் பார்ப்போம். நான்கு பேர், எதிரெதிரே அமர்ந்தவர்கள் கூட்டாளிகள். ஒவ்வொரு வகையிலும் 8 சீட்டுகள், ஆக 32. ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. கூட்டிப் பாருங்கள்: ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கு 304!

முதலில் ஆளுக்கு 4 சீட்டுகள் மட்டும் தருவார்கள். அவற்றைப் பார்த்தே, "எங்கள் அணி இத்தனை புள்ளி எடுக்கும்" என்று கேட்க வேண்டும். கூடுதலாகக் கேட்டவர் துருப்பு வகையைத் தீர்மானிப்பார். பிறகுதான் மீதி 4 சீட்டுகள் வரும். கேட்ட புள்ளியை எடுக்காவிட்டால் தோல்வி; புளியங்கொட்டை கைமாறும். (வீட்டுக்கு வீடு விதிகள் சற்று மாறும்.)

உங்கள் கையில் ஆட்டின் ஒன்பதும் ஆஸும் இருக்கின்றன. ஆட்டின் ஜாக்கி இல்லை. "அதுவும் வந்துவிடும்" என்று நம்பி 200 கேட்கிறீர்கள். சரியா?

கணக்குப் போடுவோம். நீங்கள் பார்க்காத சீட்டுகள் 28. அவற்றில் 4 உங்களுக்கு வரும், கூட்டாளிக்கு 8, எதிரணிக்கு 16. ஆகவே, அந்த ஜாக்கி உங்கள் அணியில் இருக்கும் வாய்ப்பு 12/28, அதாவது 3/7. எதிரணியில் இருக்கும் வாய்ப்பு 4/7. பாதிக்கும் குறைவான வாய்ப்பை நம்பியல்லவா வாக்குக் கொடுத்துவிட்டீர்கள்!

வீட்டு வரவு செலவும் இதுபோலத்தான். கையில் வாங்கிய சம்பளம் கைச்சீட்டு. அடுத்த மாத ஓவர்டைம் இன்னும் பிரிக்காத சீட்டு. அது வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். அதை நம்பித் தவணையில் டி.வி. வாங்கினால், ஓவர்டைம் நின்ற மாதமும் தவணை நிற்காது. அம்மா கைச்சீட்டை மட்டும் எண்ணிப் பட்ஜெட் போடுவது இதனால்தான்.

காசு வைத்து ஆடினால் என்ன? ஒருவர் வென்றது இன்னொருவர் இழந்ததே. பத்துப் பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து, ஆட்டத்தை நடத்துபவர் 100 ரூபாயை எடுத்துக்கொண்டால், 1000 ரூபாய் 900 ஆகிவிடுகிறது. யார் வென்றாலும், பத்துப் பேருக்கும் சேர்த்து நஷ்டமே! கைப்பேசியில் பணம் வைத்து ஆடிய ரம்மியால் பல குடும்பங்கள் கடனில் மூழ்கின. இத்தகைய இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. புளியங்கொட்டையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

உங்களுக்கு ஒரு கணக்கு: எட்டுச் சீட்டும் கைக்கு வந்த பிறகும் ஆட்டின் ஜாக்கியைக் காணோம். அது கூட்டாளியிடம் இருக்கும் வாய்ப்பு எவ்வளவு?

(விடை: 8/24, அதாவது மூன்றில் ஒன்று.)