தேடிய தடமும் தெரிந்தெடுத்த குறியும்

'யாழ்' என்னும் ஒரு சொல்லை இணையத் தேடுபொறியில் இட்டால் வரவேண்டிய விடை யாது? யாழ்ப்பாணத்துக்குப் பயணஞ்செய்ய எண்ணியவருக்கு அந்நகரைப் பற்றிய செய்தி வேண்டும். மட்டக்களப்பிலே உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவிக்கோ, காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழரின் இசைக்கருவியை ஆராய்ந்து எழுதி, 1947ஆம் ஆண்டில் வெளிவந்த 'யாழ் நூல்' பற்றிய குறிப்பு வேண்டும். சொல் ஒன்று, தேவை இரண்டு.

கேட்பவரை அறிந்து விடையளிக்கும் முறை இதனாலேயே எழுந்தது. கூகுள் நிறுவனம் 2004இல் இதனைப் பரீட்சித்தபோது, தமக்கு விருப்பமான துறைகளைப் பயனரே தெரிந்தெடுத்துக் கொடுத்தனர். 2005இலோ, பயனர் முன்னர் தேடியவற்றைக்கொண்டு பொறியே அவர் விருப்பத்தை ஊகிக்கலாயிற்று. 2009 டிசம்பரில், கணக்கிற் புகாது தேடுவோருக்கும், அவர்தம் உலாவியிற் பதிந்த 180 நாட்களின் தடத்தைக்கொண்டு இம்முறை விரிவாக்கப்பட்டது.

ஆகவே, பொறிக்கு நம்மை அறிவிப்பவை இருவகைப்படும். நாம் திறந்தவை யாவும் தாமே பதிவாகும் உலாவல் வரலாறு ஒன்று. மீண்டும் வேண்டுமென நாமே குறித்துவைக்கும் 'புக்மார்க்' எனும் பக்கக்குறி மற்றொன்று. மட்டக்களப்பு வாவியிலே தோணி சென்ற தடத்தையும், மீன்பிடிப்போர் ஊன்றிய கம்பையும் ஒன்றென எவரும் கொள்ளார். தோணி காற்றினாலும் திசைமாறியிருக்கலாம். கம்போ இடமறிந்து ஊன்றியது. பக்கக்குறிக்கே பொறி கூடிய மதிப்பளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். பல குடும்பங்களிலே கைத்தொலைபேசி ஒன்றே எல்லோருக்கும் பொது. படுவான்கரையில் வயல்செய்யும் தந்தை நெற்பயிரின் நோய்க்கு மருந்து தேடுகின்றார். மகன் கிரிக்கெட் பார்க்கின்றான். மகள் 'யாழ் நூல்' தேடுகின்றாள். மூவர் தடமும் பொறிக்கு ஒருவர் தடமாகவே தோன்றும். அவ்வீட்டில் இல்லாத ஒருவருக்கு ஏற்ற விடைகளே பின்னர் முன்னிற்கும். அதனினும் கொடிது, தாய் எவர்க்கும் சொல்லாது தேடிய நோயின் பெயர், மறுநாள் பிள்ளை தேடப்புகும்போது தானே திரையில் எழுந்து நிற்பது.

பக்கக்குறிக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கட்டுரையை மறுத்தெழுதும் பொருட்டும் மாணவர் அதனைக் குறித்துவைப்பர். நாம் விரும்பியதையே ஓயாது காட்டும் பொறி, பிறர் கருத்தை நம் கண்ணுக்கு மறைத்துவிடும் என எலி பரைசர் என்னும் அமெரிக்கர் 2011இல் ஒரு நூலெழுதி எச்சரித்தார். நம் குறிகள் விடைகளின் வரிசையை மாற்றலாம். மாறான விடையை அகற்றுதல் தகாது.

பக்கக்குறிகளைச் சேமிக்க 2005இல் கூகுள் தொடங்கிய தனிச்சேவை 2021 செப்டெம்பரில் மூடப்பட்டது. தேடல் வரலாற்றைப் பதியும் வழக்கமோ தொடர்கின்றது. ஆயினும் நம் கையிற் சில வழிகள் உள. கூகுட் கணக்கிலே, 3, 18 அல்லது 36 மாதங்களுக்கு முற்பட்ட தடங்கள் தாமே அழியுமாறு கட்டளையிடலாம். பிறர் அறியவேண்டாத தேடலுக்கு உலாவியின் மறைவுச் சாளரத்தைத் திறக்கலாம். அதிலே தேடியவை அக்கருவியின் வரலாற்றில் தங்கா. கணினியிலே ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு அமைக்கலாம். மாணவர்கள் பாடந்தோறும் ஓர் உறை அமைத்து, 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தைப் போன்ற தளங்களின் பக்கங்களை அதிற் குறித்துவைத்தால், தேடியதை மறுமுறையும் தேடவேண்டியதில்லை.

இன்று மாலையே வீட்டிலுள்ளோர் கூடி, தம் கைத்தொலைபேசியின் வரலாற்றுப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. தம்மைப் பற்றிப் பொறி எதனை அறிந்துள்ளது என்பது அப்போது விளங்கும். எதனை அறியலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் தம்முடையதே என்பது அதன்பின் விளங்கும்.