திரைக்குள் இசைக்கூடம் – 9: தவறே ஒலிக்காத கட்டங்கள்

சென்ற வாரம் ஆஸ்கர் ஃபிஷிங்கரைப் பார்த்தோம். ஒலிக்கு உருவம் கொடுக்க வாழ்நாள் முழுக்கப் போராடிய மனிதர். 2017 ஜூன் 22 அன்று, அவருடைய 117-வது பிறந்த நாளில், கூகுள் தன் முகப்புப் பக்கத்தையே ஒரு சின்ன இசைக் கருவியாக்கி அவருக்கு மரியாதை செய்தது என்று முடித்திருந்தேன். அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். சரிகமகூடப் படிக்காத ஒருவர் கட்டங்களைத் தொட்டாலும், அது எப்படிக் காதுக்கு இசைவாக வந்துவிடுகிறது? இந்த வாரம் அந்தக் கேள்விக்குத்தான்.

அதற்கு 2009-க்குப் போக வேண்டும். ஜெர்மனியைச் சேர்ந்த ஆந்த்ரே மிஷெல் என்ற நிரலாளர் அந்த ஆண்டு ‘டோன்மேட்ரிக்ஸ்’ என்ற சிறிய பொம்மை ஒன்றை இணையத்தில் வைத்தார். கறுப்புத் திரையில் 16 வரிசை, 16 பத்தி என்று 256 சதுரங்கள். ஒரு சதுரத்தைத் தொட்டால் அது வெளிச்சமாகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒளிரும் சதுரத்தைக் கடக்கும்போது அந்த ஸ்வரம் ஒலிக்கிறது, சதுரத்தைச் சுற்றி வெளிச்சம் அலையாகப் பரவுகிறது. கடைசிப் பத்தியைத் தாண்டியதும் கோடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்குகிறது. மேலே போகப் போக ஸ்வரம் உயரும், கீழே வர வரத் தாழும். இவ்வளவுதான் அந்தக் கருவி.

மூலைக்கு மூலை சாய்கோடாகக் கட்டங்களைத் தொட்டுப் பாருங்கள், ஆரோகணம் வரும். எதிர்ச் சாய்கோட்டையும் சேர்த்தால் ஒன்று ஏற, ஒன்று இறங்க, நடுவில் இரண்டும் சந்தித்துக்கொள்ளும். உங்கள் பெயரின் முதல் எழுத்தைக் கட்டங்களில் எழுதிப் பாருங்கள். ‘அ’வுக்கு ஒரு மெட்டு, ‘ட’வுக்கு வேறொன்று. ‘ட’வின் நின்ற கோடு எல்லா ஸ்வரங்களையும் ஒரே நேரத்தில் அடித்துவிட்டு, படுத்த கோட்டில் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும். கோலமோ கிறுக்கலோ, எதைப் போட்டாலும் அபஸ்வரம் மட்டும் வராது.

காரணம், ஒரு ஸ்தாயிக்கு அதில் ஐந்தே ஸ்வரங்கள்தான். பியானோவில் ஒரு ஸ்தாயிக்குள் 12 கட்டைகள். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை ஒன்றாக அழுத்தினால் காது கூசும். இரண்டு ஒலிகளின் அதிர்வெண்களும் மிக நெருங்கி, ஒன்றோடொன்று மோதி நடுங்குவதால் வரும் கூச்சம் அது. அந்த நெருக்கமே வராதபடி ஐந்து ஸ்வரங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டால், எதை எதோடு சேர்த்தாலும் மோதல் இருக்காது. ஸ ரி க ப த என்று ஸ்வரங்களைச் சொன்னால் நம் வாசகர்கள் உடனே கண்டுகொள்வார்கள்: மோகனம். பழந்தமிழர் முல்லைப் பண் என்று பாடியது இதைத்தான் என்பது இசை ஆய்வாளர்கள் பலரின் முடிவு. சீனத்து மெட்டுகளிலும் ஸ்காட்லாந்தின் நாட்டுப்பாடல்களிலும் இதே ஐந்து ஸ்வர அடுக்கு உண்டு. கட்டங்களில் எந்த வரிசையை ஆதாரமாக நினைத்துக் கேட்கிறீர்களோ, அதற்கேற்ப ராகமும் மாறும். ரிஷபத்தை ஸட்ஜமாக வைத்தால் மத்யமாவதி, காந்தாரத்தை வைத்தால் ஹிந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி. கிரக பேதம் என்று வித்வான்கள் மேடையில் செய்துகாட்டுவதை, இந்தப் பொம்மையில் ஒரு குழந்தை தற்செயலாகச் செய்துவிடும்.

தவறே செய்ய முடியாத ஒன்றை இசைக் கருவி என்று ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். நான் ஒப்புக்கொள்கிறேன். எந்த ஸ்வரம் என்ற கவலையைக் கருவி தானே ஏற்றுக்கொண்டாலும், எப்போது, எவ்வளவு, எங்கே நிறுத்துவது என்ற மூன்றும் வாசிப்பவர் கையிலேயே இருக்கின்றன. 256 கட்டங்களையும் நிரப்பிப் பாருங்கள். ஒரே சீரான இரைச்சல்தான் மிஞ்சும். பிறகு ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் மெட்டு தலைகாட்டுகிறது என்பதை உங்கள் காது சொல்லும். மௌனமும் இசையில் சேர்ந்தது என்று பாடப்புத்தகம் எவ்வளவு சொன்னாலும் ஏறாதது, கட்டங்களை அணைக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஏறிவிடுகிறது. செய்து பார்க்கக்கூடிய அமைப்புகளின் எண்ணிக்கையோ 2-ஐ 256 முறை பெருக்கி வருவது, அதாவது 78 இலக்க எண். ஒரு மனிதர் அதைக் கேட்டுத் தீர்க்க முடியாது.

16 என்ற கணக்கு வேறொரு இடத்திலிருந்து வந்தது. 1980-ல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டிஆர்-808 என்ற தாள இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்பகுதியில் 16 பொத்தான்கள் வரிசையாக இருக்கும். நான்கு சிவப்பு, நான்கு ஆரஞ்சு, நான்கு மஞ்சள், நான்கு வெள்ளை. நான்கு அடிகள், ஒவ்வொன்றும் நான்காகப் பிளந்தது என்று வண்ணமே கணக்குச் சொல்லிவிடும். அந்த இயந்திரம் அப்போது சரியாக விற்கவில்லை. மூன்று ஆண்டுகளில் தயாரிப்பு நின்றது. பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்த பிறகு, ஹிப்ஹாப்பும் டெக்னோவும் செய்த இளைஞர்கள் கையில் அது வரலாறானது. இன்றைக்குக் கணினியில் தாளம் போடும் பலரும் 16 கட்டங்களிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

கட்டங்களுக்கு உயரத்தைச் சேர்த்து, ஒளியைச் சேர்த்து, யார் தொட்டாலும் இசையாகும் என்ற எண்ணத்துக்கு உயிர் கொடுத்தவர் இன்னொருவர். தோஷியோ இவாய். 1962-ல் ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய அம்மா, இனிமேல் பொம்மை வாங்கித் தர மாட்டேன் என்று சொல்லி, பொம்மை செய்வதற்கான கருவிகளையும் பொருள்களையும் கையில் கொடுத்துவிட்டாராம். பாடப்புத்தக ஓரங்களில் படம் வரைந்து, பக்கங்களை விரலால் விசிறி ஓடவிட்டு, படத்தை அசையவைத்துப் பழகியவர். வளர்ந்த பிறகும் அவர் செய்ததெல்லாம் அதே வேலைதான்.

அவரைப் பிடித்துக்கொண்ட இன்னொரு பொருள், கைப்பிடியைச் சுற்றினால் துளையிட்ட அட்டை உள்ளே நகர்ந்து மெட்டு இசைக்கும் சிறிய இசைப்பெட்டி. அட்டையில் இருப்பது துளைகளின் படம். பெட்டிக்குள் போனால் அதுவே பாட்டு. அதே அட்டையைத் திருப்பிச் செருகினால் வேறொரு பாட்டு. படமும் பாட்டும் ஒரே பொருளாக இருக்கும் அந்த அதிசயத்தை இவாய் கணினிக்குள் கொண்டுவரப் பார்த்தார். 1987-ல் நின்டெண்டோவின் ஃபாமிகாம் டிஸ்க் சிஸ்டத்துக்காக ‘ஓட்டோக்கி’ என்ற வீடியோ கேம் செய்தார். பார்த்தால் சுடும் ஆட்டம். ஆனால் ஒவ்வொரு சுடுதலும் ஒரு ஸ்வரம். நாம் கொஞ்சம் முந்தியோ பிந்தியோ பொத்தானை அழுத்தினாலும், நிரல் அதைத் தாளத்தில் உட்காரவைத்துவிடும். டோன்மேட்ரிக்ஸ் அபஸ்வரத்தை எடுத்துவிட்டது என்றால், அதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே இவாய் தாளப்பிசகை எடுத்துவிட்டிருந்தார்.

1990-களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியம் அறிவியல் அருங்காட்சியகத்தில் தங்கி, ‘மியூசிக் இன்செக்ட்ஸ்’ என்ற படைப்பைச் செய்தார். திரையில் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருக்கும்; நாம் வண்ணப் புள்ளிகள் வைக்க வேண்டும்; புள்ளியின் மேல் பூச்சி ஏறினால் ஒலி பிறக்கும். 1996-ல் அது மேக்ஸிஸ் நிறுவனத்தின் ‘சிம்ட்யூன்ஸ்’ என்ற விளையாட்டாக வெளிவந்தது. 1995-ல் செய்த படைப்பொன்றில் உண்மையான பியானோவையே திரையோடு இணைத்தார். நாம் புள்ளிகளைத் தூவினால், அவை ஒளியாக ஓடிவந்து கட்டைகளில் மோதும். கட்டை தானே அழுந்தி ஒலிக்கும். ஒலித்த இடத்திலிருந்து வண்ண உருவங்கள் மேலே எழும்பும். இசையமைப்பாளர் ரியூச்சி சகாமோட்டோ அவரோடு சேர்ந்து, பியானோ வாசிக்க வாசிக்கப் படம் பிறக்கும் கச்சேரி ஒன்றை நடத்தினார். 1997-ல் ஆஸ்திரியாவின் ஆர்ஸ் எலக்ட்ரானிகா விழா அதற்குத் தன் உயரிய விருதான கோல்டன் நிக்காவைக் கொடுத்தது.

எனக்கு இவாயின் படைப்புகளில் மிகவும் பிடித்தது 2005-ல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்காக அவர் செய்த ‘எலெக்ட்ரோபிளாங்டன்’. பத்து வகை மிதவை உயிரிகள், ஒவ்வொன்றும் ஒரு கருவி. அதில் ஹனென்போ என்ற ஒன்று நீருக்குள்ளிருந்து துள்ளி, செடியின் இலைகளில் விழும். விழுகிற இலைக்கு ஒரு ஒலி. அங்கிருந்து தெறித்து அடுத்த இலை. இலையின் சாய்வைக் கொஞ்சம் மாற்றினால், துள்ளலின் பாதை மாறி மெட்டும் மாறும். இலைகள் எல்லாம் சிவந்துவிட்டால் செடி பூக்கும். வெற்றி தோல்வி இல்லை, மதிப்பெண் இல்லை. செய்த இசையைச் சேமித்துவைக்கவும் வழியில்லை. அதைக் குறை என்று அன்றைக்கு எழுதியவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. சேமிக்க முடியாதபோதுதான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறோம்.

2007-ல் யமஹா நிறுவனத்தோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த ‘டெனோரி-ஆன்’ இவை அனைத்தின் கூட்டுத்தொகை. இரண்டு கைகளிலும் ஏந்திக்கொள்ளும் மெக்னீசியச் சட்டம். நடுவே 16-க்கு 16 ஒளிப் பொத்தான்கள். பின்பக்கமும் அதே ஒளி தெரியும். வாசிப்பவர் தன் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் அதே இசையைப் படமாகப் பார்க்கலாம். முதலில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. விலை 599 பவுண்ட். எல்லோரும் வாங்கக்கூடிய விலை அல்ல. இரண்டே ஆண்டுகளில் மிஷெலின் டோன்மேட்ரிக்ஸ் அதே 16-க்கு 16 கட்டங்களைப் பிரவுசருக்குள், காசில்லாமல், யாருக்கும் திறந்துவைத்தது.

அது சும்மா நடந்துவிடவில்லை. அப்போது பிரவுசருக்குள் விளையாட்டும் அனிமேஷனும் ஓடியது ஃபிளாஷ் என்ற மென்பொருளில். பதிவுசெய்த ஒலியை ஃபிளாஷ் ஒலிக்கவிடும். புதிதாக ஒலியை உருவாக்க அதில் முறையான வழி இருக்கவில்லை. மிஷெலும் அவரைப் போன்ற நிரலாளர்களும் அடோபி நிறுவனத்திடம் அந்த வசதியைக் கேட்டு இயக்கமே நடத்தினார்கள். 2008-ல் வந்த ஃபிளாஷ் பிளேயர் 10-ல் அது கிடைத்தது. மறு ஆண்டே டோன்மேட்ரிக்ஸ்.

அந்த ஃபிளாஷுக்கு 2020 டிசம்பர் 31 அன்று அடோபி ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் படைப்புகள் ஓடாதபடி தடுக்கவும் செய்தது. இருபதாண்டு காலம் உலகெங்கும் இளைஞர்கள் செய்த இசைப் பொம்மைகளும் ஓவியங்களும் விளையாட்டுகளும் ஒரே நாளில் இருட்டாகின. ஓலைச்சுவடியைச் செல்லரித்ததற்கு வருந்துகிற சமூகம் நாம். இதற்கும் வருந்த வேண்டும். நல்லவேளையாக, சிலர் முன்கூட்டியே விழித்துக்கொண்டார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரிலேயே ‘ரஃபிள்’ என்ற மென்பொருளின் துணையோடு பழைய ஃபிளாஷ் படைப்புகளை மறுபடி ஓடவைக்கத் தொடங்கியது. ‘ஃபிளாஷ்பாயின்ட்’ என்ற தன்னார்வலர் குழு ஆயிரக்கணக்கில் சேகரித்து வைத்திருக்கிறது. டோன்மேட்ரிக்ஸையும் இன்றைய பிரவுசர்களுக்கு ஏற்ப மறுபடி எழுதிவிட்டார்கள். பிரவுசரே ஒலியை உருவாக்கும் வெப் ஆடியோ என்ற பொது ஏற்பாடு வந்துவிட்டதால், இனி எந்த ஒரு நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

அந்த ஏற்பாட்டில் பிறந்ததுதான் 2016-ல் கூகுள் திறந்துவைத்த ‘குரோம் மியூசிக் லேப்’. அதில் ‘சாங் மேக்கர்’ என்ற பகுதி, டோன்மேட்ரிக்ஸின் நேர் வாரிசு. கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம், சாதாரண செல்போன் போதும். செட்டிங்ஸில் ஸ்கேல் என்ற இடத்தில் பென்டடானிக் என்று மாற்றினால் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் மட்டும் நிற்கும். பீட்ஸ் பெர் பார் என்பதை 7 ஆக்கினால், கட்டங்கள் மிஸ்ர சாபுவின் ஏழாகப் பிரிந்து நிற்கும். கீழே இரண்டு வரிசை தாளத்துக்கு. முடித்ததும் சேமித்தால் ஒரு லிங்க் வரும். அதை யாருக்கும் அனுப்பலாம்.

அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். அதில் மைக் பொத்தான் உண்டு. பாடினால், பாடிய ஸ்வரத்தைக் கட்டத்தில் வைக்கும். காந்தாரத்தை அசைத்துப் பாடிப் பாருங்கள். அசைவு முழுக்கக் காணாமல் போய், அருகிலிருக்கும் ஏதோ ஒரு கட்டம் மட்டும் ஒளிரும். கமகம் கட்டத்துக்குள் அடங்காது. ஆகவே நம் ராகத்தை இதில் கற்றுக்கொள்ள முடியாது. மோகனத்தின் ஸ்வரங்கள் இருக்கும், மோகனம் இருக்காது. அதற்குக் குருவும் குரலும் வேண்டும். ஆனால் ஸ்வரங்களின் உறவையும் காலத்தின் கணக்கையும், தானே ஒன்றைச் செய்துபார்க்கும் துணிச்சலையும் இது தருகிறது. பாட்டு வகுப்புக்கு அனுப்ப வசதியில்லாத வீட்டுக் குழந்தைக்கும் தருகிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இந்த வாரம் வீட்டில் குழந்தைகளிடம் செல்போனைக் கொடுக்கும்போது, ஒருமுறை சாங் மேக்கரைத் திறந்து கொடுங்கள். எதுவும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், அது போதும்.

அடுத்த வாரம், பிரையன் ஈனோவும் பீட்டர் சில்வர்ஸும் 2008-ல் ஐபோனுக்காகச் செய்த ‘ப்ளூம்’.