கழுத்துக் கட்டியும் வண்ணப் படமும்

குரல்வளைக்குக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகை விரித்த மாதிரி இருப்பது தைராய்டு சுரப்பி. முன்கழுத்துக் கழலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது இந்தச் சுரப்பி மொத்தமாக வீங்குவது. இங்கே சொல்ல வந்தது அதற்குள் தோன்றும் சிறு சிறு கட்டிகளைப் பற்றி. கையால் தடவிப் பார்த்தால் 100 பெண்களில் சுமார் 5 பேருக்கு அகப்படும். அல்ட்ராசவுண்டு வைத்தாலோ ஏராளமான பேருக்குத் தென்படும். அவற்றில் புற்றுநோய் என்று முடிவது 100க்கு 7 முதல் 15 வரைதான். ஆகவே கட்டி இருக்கிறதா என்பதைவிட, எதை ஊசி வைத்துப் பார்ப்பது, எதை விட்டுவைப்பது என்பதே டாக்டரின் கவலை.

இப்போதெல்லாம் ஸ்கேன் ரிப்போர்ட்டோடு ஒரு வண்ணப் படமும் வருகிறது. உறவுக்காரப் பெண் ஒருத்தி அதை என் முன்னே வைத்து, "மாமா, சிவப்பா இருக்குதே, கேன்சரா?" என்று கேட்டாள். அதுதான் எலாஸ்டோகிராபி, திசு எவ்வளவு இறுக்கம் என்று காட்டும் படம்.

புற்று வந்த திசு பெரும்பாலும் இறுகிப்போகும். விரலால் அழுத்தி, கல்லு மாதிரி இருந்தால் சந்தேகப்படுவது மிகப் பழைய வைத்திய முறை. அந்த விரலின் வேலையை அல்ட்ராசவுண்டிடம் ஒப்படைத்து, எலாஸ்டோகிராபி என்று பெயரும் கொடுத்து 1991இல் கட்டுரை எழுதியவர்கள் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜோனதன் ஓஃபிரும் அவருடைய கூட்டாளிகளும்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கருவியால் கழுத்தை லேசாக அழுத்தி, கட்டி எவ்வளவு நசுங்குகிறது, பக்கத்துத் திசு எவ்வளவு நசுங்குகிறது என்று ஒப்பிடுவது. நம் வியாபார பாஷையில், பக்கத்துத் திசுதான் படிக்கல். ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சி உள்ளவர்களுக்கு அந்தப் படிக்கல்லே இறுகியிருக்கும். அப்புறம் நிறுவை எப்படிச் சரியா வரும்? மற்றது, ஒலித்துடிப்பால் உள்ளே ஒரு குறுக்கலையை எழுப்பி அதன் வேகத்தை அளப்பது. இழுத்துக் கட்டிய கொடிக்கயிற்றைச் சுண்டினால் அதிர்வு விர்ரென்று ஓடும், தொய்ந்த கயிற்றில் மெதுவாகப் போகும் இல்லையா, அதே கதைதான். வேகத்திலிருந்து இறுக்கத்தைக் கிலோபாஸ்கல் கணக்கில் எண்ணாகச் சொல்லிவிடுவார்கள்.

ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. சில விநாடி எச்சில் விழுங்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால் போதும். ஆனால் பக்கத்தில் கழுத்துத் தமனி துடித்துக்கொண்டே இருக்கும், அது படத்தைக் கலைக்கும். சோதிப்பவர் கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் மெதுவானதுகூட இறுக்கமாகத் தெரியும். நீர் நிறைந்த கட்டிக்கும், பெரிதாகச் சுண்ணாம்பு படிந்த கட்டிக்கும் இது அவ்வளவாக உதவாது.

சிவப்பு விஷயத்துக்கு வருகிறேன். சில மெஷினில் நீலம்தான் இறுக்கம், சிவப்பு மிருது. வேறு சிலவற்றில் நேர்மாறு. படத்தின் ஓரத்தில் உள்ள வண்ணப் பட்டையைப் பார்க்காமல் நிறத்தை வைத்து நாமே தீர்ப்பு எழுதக் கூடாது.

பயப்படுவதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. "மிருதுன்னு வந்துடுச்சு, ஊசி எதுக்கு?" என்று சிலர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். தைராய்டில் அதிகம் வருவது பாப்பில்லரி வகைப் புற்று. அதுதான் பெரும்பாலும் இறுகும். ஃபாலிகுலர் வகை மிருதுவாகவே இருந்து ஏமாற்றக்கூடும். இறுக்கமான கட்டி எல்லாம் புற்றும் அல்ல.

அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட டிராட்ஸ் என்ற மதிப்பெண் முறையில் எலாஸ்டோகிராபிக்கு மதிப்பெண்ணே இல்லை. கட்டி கெட்டியா நீரா, கறுப்பா வெளுப்பா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் எப்படி, உள்ளே வெள்ளைப் புள்ளிகள் உண்டா என்பவைதான் கணக்கு. அதிகச் சந்தேகமுள்ள 5ஆம் வகுப்பு 1 சென்டிமீட்டர் இருந்தாலே ஊசிச் சோதனை. 4ஆம் வகுப்புக்கு 1.5, 3ஆம் வகுப்புக்கு 2.5. அந்த அளவை எட்டாத 3ஆம் வகுப்புக் கட்டி 1.5 சென்டிமீட்டராவது இருந்தால் 1, 3, 5 ஆண்டுகளில் மறு ஸ்கேன். அப்போது பழைய படங்களையும் மறக்காமல் கொண்டுபோக வேண்டும். முடிந்தவரை அதே இடத்தில், அதே மெஷினில் எடுப்பது ஒப்பிட வசதி.