மறைசொல்லும் இரண்டாம் சான்றும்

பொழிச்சலூரிலிருந்து தாம்பரம் மெப்ஸ் வளாகத்திற்கு முதல்நாள் பணிக்குச் செல்லும் நம் மாணவர், மறைசொல் ஒன்றே போதாது என்பதை அங்கு அறியக்கூடும். கைபேசியும் அவர்க்குச் சான்றுரைக்க வேண்டும். இந்திய ரிசர்வ் வங்கி 2009இலேயே இணையவழி அட்டைப் பரிமாற்றங்கட்குக் கூடுதல் சான்றைக் கட்டாயமாக்கியமையால், ஓடிபி என்னும் சொல் நம் இல்லத்துப் பெரியோர்க்கும் பழகியதே.

சிக்கல் தொடக்கத்தில்தான் உள்ளது. புதியவரின் கணக்கில் கைபேசி எதுவும் பதிவாகியிராது. முதல் மறைசொல்லை அறிந்த வேறொருவர் தம் கைபேசியை முந்திப் பதிந்துவிட்டால், பூட்டு வலிதாயினும் சாவி பிறர் கையில்! மைக்ரோசாஃப்ட் என்ட்ரா என்னும் பணியாளர் அடைவு (2023 வரை அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி) இதற்கெனத் தற்காலிக நுழைவுக் குறியீடு ஒன்றை வைத்துள்ளது. நிருவாகி அதன் ஆயுளை 10 நிமிடம் முதல் 30 நாள் வரை வரையறுக்கலாம். ஒருமுறை மட்டுமே பயன்படுமாறும் அமைக்கலாம். அதனை மின்னஞ்சலில் விடுக்காது, ஆளை நேரிற் கண்டு அளிப்பதே தக்கது என்பது நம் கருத்து.

அக்குறியீட்டால் நுழைந்தவர் ஆதன்டிகேட்டர் செயலியைப் பதிவு செய்வார். முன்னர், செயலிக்கு வரும் வேண்டுகோளுக்கு இசைந்து பொத்தானைத் தொட்டாலே வாயில் திறந்தது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், மீண்டும் மீண்டும் வந்த இத்தகைய வேண்டுகோள்களுள் ஒன்றிற்கு இசைந்துவிட, அயலார் உட்புகுந்தனர். 2023 மே முதல் மைக்ரோசாஃப்ட் செயலியில், திரையில் தோன்றும் ஈரிலக்க எண்ணை இட்டாலன்றி வழியில்லை.

கைபேசியை மாற்றுவோர், பழையதை விற்குமுன் புதியதைப் பதிந்துகொள்க.