அதே தாள், வேறு நஞ்சு

"கஞ்சா வெறும் இலைதானே, இயற்கையாக விளைவதுதானே" என்று இளைஞர் சிலர் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 முதல் வயது வந்தோருக்குக் கஞ்சா கடைகளிலேயே விற்கப்படுகிறது. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த, மெழுகு போன்ற பிசினும் அங்கே கிடைக்கிறது. அதைச் சுருட்டில் சேர்த்துப் புகைக்கிறார்கள்.

போதை தருவது டி.எச்.சி. என்னும் பொருள். 1995இல் அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவில் அது சுமார் 4 விழுக்காடு. பிசினிலோ 60 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். கள் என்று நம்பிச் சாராயம் குடிப்பது போலத்தான்! சுருட்டு பார்வைக்கு மாறுவதில்லை. எவ்வளவு உள்ளே போகிறது என்பது புகைப்பவருக்கே தெரியாது. படபடப்பு, காரணமற்ற அச்சம், சிலருக்கு மனச்சிதைவு, நெடுநாள் பழகியவர்களில் சிலருக்கு அடங்காத வாந்தி.

விற்க அனுமதித்த கொலராடோவே 2021இல் சட்டமியற்றி, மருத்துவ அட்டை உள்ளோர் ஒரு நாளில் வாங்கக்கூடிய பிசினை 40 கிராமிலிருந்து 8 கிராமாகக் குறைத்தது. 18 முதல் 20 வயதினருக்கு 2 கிராம்தான்.

நமது 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி இரண்டுமே குற்றம். ஆயினும் 'சிறிய அளவு' என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ. பிசினுக்கும் அதன் எண்ணெய்க்கும் 100 கிராம்.