பரீட்சைக் காலமும் பிள்ளையின் ஜெபமும்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் மாதங்களில் எங்கள் வீடுகளில் ஒரு மாற்றம் தெரியும். தொலைக்காட்சிச் சத்தம் குறையும். கோயிலிலும் தேவாலயத்திலும் பேனைகள் ஆசீர்வாதத்துக்கு வைக்கப்படும். சோற்றுக் கோப்பையின் முன்னால் இருந்துகொண்டு பிள்ளை சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருக்கும். "என்ன மனே, சுகமில்லையா?" என்று கேட்டால், "ஒண்டுமில்ல" என்று பதில் வரும்.

களுதாவளையையும் அயல் ஊர்களையும் மையமாக வைத்து நான் வேலை செய்கிறேன். பிள்ளையார் கோயிலும் வெற்றிலைத் தோட்டங்களும் பெயர் சொல்லும் ஊர் இது. பெரும்பாலானோர் சைவர்கள். நானும் சைவக் குடும்பத்தில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் கூட்டங்களுக்கு வரும் தாய்மாரில் கத்தோலிக்கரும், மெதடிஸ்தரும், சிறு சபைகளைச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். வடக்கே அடுத்த ஊரான தேற்றாத்தீவில் புனித யூதாததேயு திருத்தலம் இருக்கிறது. எல்லா வழியும் அடைபட்ட நேரத்தில் துணை வருபவர் என்று யூதாததேயுவைக் கத்தோலிக்கர் நம்புகிறார்கள். பரீட்சைக் காலத்தில் அங்கு மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொல்லும் தாய்மார் பலர்.

இந்தத் தாய்மாரில் இருவர் அண்மையில் என்னிடம் இரண்டு விதமாகக் கேட்டார்கள். ஒருவர், "மிஸ், என்ர பிள்ளை ஜெபிக்கிறதையே விட்டுட்டான். கேட்டா, ஜெபிச்சாக் கணக்கு வருமா எண்டு கேக்கிறான்" என்றார். மற்றவர், "என்ர மகள் ராவெல்லாம் முழங்கால்ல நிக்கிறாள். புத்தகத்தத் தொடுறாளில்ல" என்றார். கேள்விகள் இரண்டானாலும் விடயம் ஒன்றுதான். பாடசாலைப் பாரம் தாங்க முடியாமல் போகும்போது, விசுவாசம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் துணையாகும்?

பாரம் எங்கிருந்து வருகிறது?

சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை ஒன்பது பாடங்களுக்குத் தோற்றுகிறது. உயர்தரம் படிப்பதற்குப் பொதுவாக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும். மூன்று பாடங்களிலாவது திறமைச் சித்தி வேண்டும். கணிதத்தில் தவறினால் மற்ற எட்டுப் பாடங்களும் வீண் என்று பதினாறு வயதுப் பிள்ளை நினைக்கிறது.

இன்றைய பதின்ம வயதினர் சிறு வகுப்புகளில் இருந்தபோது, 2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. கைத்தொலைபேசி இருந்த வீட்டுப் பிள்ளைகள் ஓரளவு படித்தார்கள். இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். அடுத்து 2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தது. 2021 ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சையே 2022 மே மாதத்தில்தான் நடந்தது. அந்த ஆண்டுகளில் விட்டுப்போன பின்னமும் தசமமும்தான் இன்று பெரிய கணக்குகளாக வந்து பிள்ளைகளை மறிக்கின்றன. இதைச் "சோம்பல்" என்று பெயரிடுவது நியாயமில்லை.

இவற்றோடு, வெளியே சொல்லப்படாத ஒரு பாரமும் இருக்கிறது. ஒரு தாயின் கணவர் 2008 இல் காணாமல் ஆக்கப்பட்டார். அப்போது மகள் கைக்குழந்தை. அந்தப் பிள்ளை வளரும்போது வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்ட வசனம், "அப்பா இருந்திருந்தா உன்னை டொக்டராக்கிப் பார்த்திருப்பார்" என்பதுதான். தாய் அன்பினால்தான் சொன்னார். பிள்ளையோ, தான் தவறினால் அப்பாவை இரண்டாம் முறை இழக்கச் செய்வேன் என்று விளங்கிக்கொண்டது. எங்கள் குடும்பங்களில் எத்தனையோ பிள்ளைகள் தமக்காக மட்டும் பரீட்சை எழுதுவதில்லை. இறந்தவர்களுக்காகவும், வராதவர்களுக்காகவும், நுண்கடன் கட்டி ரியூசனுக்கு அனுப்பும் அம்மாவுக்காகவும் எழுதுகிறார்கள்.

விசுவாசமே பரீட்சையாகிவிட்டால்

இந்த நிலையில் இருக்கும் பிள்ளையிடம், "நீ ஒழுங்கா ஜெபிக்கல்ல, அதாலதான் புள்ளி குறைஞ்சது" என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒன்பது பாடங்களோடு பத்தாவதாக இன்னொரு பாடம் சேரும். அதற்குப் புள்ளி போடுபவர் கடவுள் என்பதால் பயம் இன்னும் கூடும். இரவெல்லாம் முழங்காலில் நின்ற மகளுக்கு நடந்தது இதுதான். அவள் கடவுளிடம் ஆறுதல் தேடிப் போகவில்லை, தண்டனைக்குப் பயந்து நின்றாள்.

சகோதரிகளே, இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். கணவனை இழந்தபோது, "என்ன பாவம் செய்தாளோ" என்று யாரோ சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். வேதாகமத்தில் யோபுவின் கதை இதைத்தான் பேசுகிறது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் இருந்த யோபுவிடம், நீ பாவம் செய்திருக்கிறாய் என்று நண்பர்கள் வாதாடினார்கள். கதையின் முடிவில் கடவுள் கடிந்துகொள்வது அந்த நண்பர்களைத்தான். துன்பத்தைக் குற்றப்பத்திரமாக வாசிக்கக்கூடாது என்று அந்தப் பழைய நூல் சொல்கிறது. பெறுபேற்றுத் தாளையும் அப்படி வாசிக்க வேண்டாம். புள்ளி என்பது அந்த நாளில் அந்த வினாத்தாளுக்கு எழுதிய விடைக்குக் கிடைத்தது. அது பிள்ளையைப் பற்றிக் கடவுள் தந்த தீர்ப்பு அல்ல.

முதலில் அப்பம், பிறகு பேச்சு

எலியா என்ற தீர்க்கதரிசியின் கதையை ஞாயிறு பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் அறிவார்கள். பெரிய வெற்றிக்குப் பிறகும் உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு செடியின் கீழே இருந்து, இனிப் போதும், செத்தால் நல்லது என்று கேட்கிறார். அங்கே வந்த தூதன் புத்தி சொல்லவில்லை. உன் விசுவாசம் எங்கே என்றும் கேட்கவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் தூங்குகிறார். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பாடு கொடுக்கிறான், பயணம் உனக்குத் தூரம் என்கிறான். கடவுளின் மெல்லிய குரல் இவ்வளவுக்கும் பிறகுதான் வருகிறது.

களைத்த பிள்ளையை எப்படிக் கவனிப்பது என்று இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. பதின்ம வயதில் ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலமாவது தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பி ஜெபிக்கவும் படிக்கவும் வைத்த பிள்ளைக்கு, பத்து மணிக்கு வகுப்பில் எழுத்து மங்குகிறது. தூங்க விடுவதும் ஒரு விசுவாசச் செயல்தான். நான் தூங்கும்போதும் உலகத்தைத் தாங்க ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்களால்தான் நிம்மதியாகப் படுக்க முடியும்.

இந்த வழிக்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்த 1996 இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கியது. இயேசு சபைத் துறவியும் உளவளத்துணையாளருமான அருட்தந்தை போல் சற்குணநாயகமும், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் அதன் முன்னோடிகள். தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒன்றாக வந்தார்கள். களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். காயப்பட்ட பிள்ளையிடம் வசனம் ஒப்புவிக்கச் சொல்வதற்கு முன்னால், அது விளையாடப் பாதுகாப்பான ஓர் இடம் வேண்டும் என்பதை அந்தப் பூங்கா காட்டியது.

ஜெபிக்க முடியாத பிள்ளை

தேவாலயமே சில பிள்ளைகளுக்குப் பயமான இடமாகியது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. கொல்லப்பட்டவர்களில் ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் பலர். அன்று எட்டு, ஒன்பது வயதாக இருந்தவர்கள் இன்று சாதாரண தரமும் உயர்தரமும் எழுதுகிறார்கள். தாய்மாரான உங்களுக்கும் இது தெரியாததல்ல. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலி வேளையில், மட்டக்களப்பு புனித மரியாள் ஆலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

எனவே "ஜெபிச்சு என்ன?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதை அவிசுவாசம் என்று அடக்கிவிட வேண்டாம். சங்கீதப் புத்தகத்தில், கத்தோலிக்கர் திருப்பாடல்கள் என்று சொல்லும் அதே நூலில், பெரும் பகுதி முறைப்பாடுதான். ஏன் மறந்தீர், எவ்வளவு காலத்துக்கு என்று கேட்கும் பாட்டுகள் அதில் நிறைய இருக்கின்றன. கோபத்தோடு கேட்பதும் ஜெபம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். மேலே சொன்ன பையனிடம் அவனுடைய போதகர் ஒரு கொப்பியைக் கொடுத்து, கடவுளிடம் இருக்கும் கோபத்தை எல்லாம் இதில் எழுது, நான் வாசிக்க மாட்டேன் என்றார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவன் தாயிடம் வந்து, "அம்மா, கணக்குக்கு ஆரிட்டயாவது கேட்டுத் தாங்களன்" என்றான். உதவி கேட்கும் அளவுக்கு அவன் மனம் இளகியிருந்தது. ஜெபம் கணக்கைச் செய்து தராது. எனக்குத் தெரியவில்லை என்று வெட்கமில்லாமல் சொல்லும் தைரியத்தைத் தரும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. ஜெபத்தைச் சிறிதாக்குங்கள். இரவு ஐந்து நிமிடம் போதும். இன்று எது பாரமாக இருந்தது, எது நன்றாக இருந்தது என்று பிள்ளை சொல்லட்டும். நீங்களும் உங்களுடையதைச் சொல்லுங்கள்.

2. மூச்சோடு ஒரு சிறு ஜெபம் பழக்குங்கள். மூச்சை உள்ளே எடுக்கும்போது "இயேசுவே", மெதுவாக வெளியே விடும்போது "என்னோடு இரும்". மூச்சை ஆறுதலாக வெளியே விட்டால் நெஞ்சுப் படபடப்பு குறையும். வினாத்தாளைத் திருப்புவதற்கு முன் மூன்று தரம் செய்யலாம்.

3. ஞாயிறு காலையை முழுவதும் ரியூசனுக்குக் கொடுக்காதீர்கள். ஓய்வுநாள் என்பது கட்டளைகளில் ஒன்று. வாரத்தில் சில மணித்தியாலமாவது பிள்ளை புள்ளியைப் பற்றிப் பேச்சில்லாத இடத்தில் இருக்கட்டும்.

4. சமய பாடத்தைக் கவனியுங்கள். சைவப் பிள்ளைகள் கூடுதலாக உள்ள பாடசாலைகளில் கிறிஸ்தவ பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் இருக்கலாம். சமய பாட நேரத்தில் பிள்ளை தனியே இருக்க நேர்ந்தால் அது மனதில் தைக்கும். கத்தோலிக்கமும் கிறிஸ்தவமும் இரண்டு தனிப் பாடங்கள். பரீட்சை விண்ணப்பத்தில் எது போடப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். வகுப்பாசிரியரோடும், உங்கள் மறையாசிரியர் அல்லது ஞாயிறு பாடசாலை ஆசிரியரோடும் முன்கூட்டியே கதையுங்கள்.

5. "அப்பா இருந்திருந்தா" என்று தொடங்கும் வசனத்தை, "அப்பா உன்னில சரியான விருப்பம்" என்று முடியுங்கள். விருப்பத்துக்கு நிபந்தனை வேண்டாம்.

6. பெறுபேறு வருவதற்கு முன்னரே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: "என்ன வந்தாலும் நீ என்ர பிள்ளைதான். திரும்ப எழுதலாம், தொழிற்பயிற்சிக்கும் போகலாம்."

சைவத் தாய்மாருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். பிள்ளையாருக்கு வைத்த நேர்த்தி பிள்ளைக்குக் கடனாகத் தெரியாமல் பார்த்துக்கொள்வதும் இதே விடயம்தான்.

ஜெபத்தோடு வைத்தியமும்

பிள்ளை தொடர்ந்து தூங்காவிட்டால், சாப்பிடாவிட்டால், பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில் வயிற்றுவலியும் வாந்தியும் அடிக்கடி வந்தால், தன்னைக் காயப்படுத்தினால், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று சொன்னால், அடுத்த ஆராதனைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 ஆகிய இலக்கங்களுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். இது விசுவாசக் குறைவு அல்ல. நற்செய்தி நூல்களில் ஒன்றை எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்பது கிறிஸ்தவ மரபு.

எறிகணைக்குள்ளும் இடம்பெயர்வுக்குள்ளும், 2004 கடலுக்குத் தப்பியும் பிள்ளைகளை வளர்த்தெடுத்தவர்கள் நீங்கள். அந்த நாட்களில் உங்களைத் தாங்கிய நம்பிக்கை எதுவென்று நீங்கள் அறிவீர்கள். அதற்கு ஒருவரும் உங்களுக்குப் புள்ளி போடவில்லை. பக்கத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற தைரியம்தான் உங்களை நடத்தியது. அந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வசனங்களைவிட அது அதிக நாள் மனதில் நிற்கும்.